பரண்மேல் இருந்த ஜமக்காளம்

லோகநாயகிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அதுவும் மகள் பத்மாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் போச்சு, ஆவடி குவார்ட்டர்ஸில் அந்த இரண்டு அறைக்குள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தே தேய்வாள். பயமெல்லாம் தன் மூக்கைப் பற்றித்தான். இரண்டு வரன்கள் அந்த மூக்கால் தட்டிப்போயின. தாம்பூலத் தட்டு கை மாறும் நேரம் பார்த்து அடுக்குத் தும்மல். சகுனம் சரியில்லை என்று வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

மற்ற நாளில் தும்மலே கிடையாது, பாருங்கள். நல்ல காரியத்துக்கு மட்டும் வந்தால் எந்தத் தாய்க்குத்தான் வயிறு எரியாது? தன் ராசியே இப்படி என்று நம்பிவிட்டாள். பூந்தமல்லியிலிருந்து மூன்றாவது வரன் வருகிறது என்றதும், அன்றைக்குத் தான் பக்கத்து வீட்டில் இருந்துகொள்வதாகக் கணவன் கஜபதியிடம் சொன்னாள். பெற்றவள் இல்லாமல் தட்டு மாற்ற வேண்டாம் என்று பத்மா அழுது தீர்த்தாள்.

அந்த அழுகை தாங்காமல்தான் டிஸ்பென்சரிக்குப் போனது. டாக்டர் பார்த்தசாரதி ராசியும் இல்லை, ஒன்றும் இல்லை என்றார். என்றோ ஒருநாள் ஏதோ தூசியை உடம்பு விரோதி என்று தப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அன்று தும்மல் வந்திருக்காது. அந்தத் தூசியை அடையாளம் கண்டுகொள்ள ஒரு புரதத்தை மட்டும் செய்து, மூக்குக்குள் இருக்கும் மாஸ்ட் செல்களின்மேல் ஒட்டிவைத்திருக்கும். அதுமுதல் அவை ஃபேக்டரி கேட்டில் நிற்கும் வாட்ச்மேன்கள் மாதிரி தயாராக நிற்கும். அதே தூசி மறுபடி வந்து பட்டால், உள்ளே அடைத்துவைத்த ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தை ஒரே கொட்டாகக் கொட்டிவிடும். உடனே நமைச்சல், தும்மல், தண்ணீர். அவை குரல் கொடுக்க, சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து வேறு செல்களும் வந்து கூடும். மூக்கு ராத்திரிவரை அடைத்துக்கொள்ளும். விருந்தாளி வரும் அன்று மட்டும் வீட்டில் புதிதாக என்ன இறங்குகிறது, யோசித்துப் பாருங்கள் என்றார்.

வீடு திரும்பும் வழியிலேயே அவளுக்குப் பொறி தட்டியது. ஜமக்காளம்! வருஷம் முழுக்கப் பரண்மேல் கிடந்து, மாப்பிள்ளை வீட்டார் வந்தால் மட்டும் கீழே இறங்கும் ஜமக்காளம். இனி அதைத் தொடவே கூடாது என்று கஜபதியிடம் கண்டிப்பாகச் சொன்னாள். அவரும் தலையாட்டினார்.

ஆனால் சம்பந்தியை வெறுந்தரையில் உட்காரவைப்பதா? மனுஷனுக்கு மானம் போனது. பெண் பார்க்க வந்த அன்று காலை அவள் உள்ளே பத்மாவுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த நேரம், அதை இறக்கிக் கூடத்திலேயே உதறி விரித்துவிட்டார். அவள் வெளியே வந்தபோது வந்தவர்கள் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். பாவி மனுஷன்! அவள் வாயைத் திறப்பதற்குள் தட்டு கைக்கு வந்துவிட்டது. கூடவே தும்மலும் வந்தது, ஒன்றன்மேல் ஒன்றாக. மாப்பிள்ளையின் அம்மா பார்வதம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

இதற்கு முன்பெல்லாம் லோகநாயகி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாள். இன்று நின்றாள்.

"அக்கா, இது சகுனம் இல்ல. நீங்க குந்திகினு கீற ஜமக்காளத்துத் தூசு. என் ஒடம்புக்கு அது ஆவாது. இப்போ எடுத்துப் போட்டாலும் ராவு வரிக்கும் மூக்கு இப்படித்தான் இருக்கும். நான் தும்மிகினேதான் தட்டு மாத்துவேன். உங்களுக்கு இஷ்டம்னா வாங்கிக்கோங்க."

சொல்லி முடிப்பதற்குள் இன்னும் ஒரு தும்மல். தட்டிலிருந்த வெற்றிலை கீழே விழுந்தது. கஜபதி தலை நிமிரவில்லை. பத்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பார்வதம் குனிந்து வெற்றிலையை எடுத்துத் தட்டில் வைத்தாள். பிறகு தட்டைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டு மகனைப் பார்த்துச் சொன்னாள்.

"நம்ம ஊட்டுப் பரண்லயும் ஒண்ணு கீதுடா. கல்யாணத்துக்கு முன்னாடி அத்தத் தூக்கிப் போடு. இனிமே இவங்க பொண்ணைப் பாக்க வந்துபோற ஊடு."