மூன்று விரல் தடிமன்

“என்னைப் பிடிச்சு வைக்கிற அளவுக்குக் கெட்டியான இரும்பை இன்னும் எவனும் உருட்டலை!”

ஒனோஃப்ரே அவர்கள் வரலாற்றுச் சிறப்புமிக்க இந்த அறிவிப்பை வெளியிட்டபோது அவருக்கு வயது இருபத்து மூன்று. ஆலையில் சேர்ந்து ஆறு நாள். இடம், ஆலை வாயிலுக்கு எதிரே இருக்கும் சாராயக்கடை. இரண்டே வருடம் உழைப்பது, பிறகு குவாரபாரி கடற்கரையில் ஒரு மீன் வறுவல் கடை போடுவது என்று திட்டம் வகுத்திருந்தார். எங்கள் மினாஸ் மாநிலத்துக்குக் கடல் கிடையாது. அதனால் இங்கே பிறக்கிற ஒவ்வொருவனும் கடற்கரைக் கடை ஒன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் பிறக்கிறான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவரவர் கடைக்கு அவரவர் ஏற்கெனவே பெயர் வைத்திருந்தார்கள்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்தும் அவர் அதே வாயிலுக்குள்தான் இருந்தார். எங்கள் ஊரில் அதற்குத் தனி முயற்சி எதுவும் தேவையில்லை. ஆலைச் சங்கு எழுப்பிவிடும், ஆலைப் பேருந்து ஏற்றிக்கொள்ளும், ஆலை ஆஸ்பத்திரியில் குழந்தை பிறக்கும், கொடியில் காயும் வெள்ளைச் சட்டைக்கு ஆலைப் புகையே சாயம் போட்டுத் தரும். செத்தவர்களை மலைச்சரிவில் புதைக்கிறோம். அங்கே படுத்துக்கொண்டு பார்த்தாலும் ஆலைதான் தெரியும். இதுவரை புகார் வந்ததில்லை.

ஒனோஃப்ரேயின் வேலை தடித்த தகடு உருட்டுவது. உலையிலிருந்து கட்டில் அளவுக்கு ஒரு பாளம் மஞ்சளாகத் தகித்துக்கொண்டு வரும். இரண்டு பெரிய உருளைகளுக்கு நடுவே அதை முன்னும் பின்னும் ஓட்டி நசுக்கி, மூன்று விரல் தடிமனுக்குக் கொண்டுவர வேண்டும். இதை நடத்துபவர் பதினோரு படிகளுக்கு மேலே ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பார். அந்தக் கூண்டுக்கு நாங்கள் வைத்த பெயர் பிரசங்க மேடை. ஆனால் கோவிலில் பாதிரியார் அரை மணி நேரத்தில் இறங்கிவிடுவார். ஒனோஃப்ரே எட்டு மணி நேரம் இறங்க முடியாது. சிறுநீர் கழிக்க வேண்டுமென்றால் ஒலிபெருக்கியில் அனுமதி கேட்க வேண்டும். ஆகவே அவருடைய சிறுநீர்ப்பையின் அன்றாட நிலவரம் நானூறு பேருக்குத் தெரிந்திருந்தது.

அந்த வேலையில் கஷ்டமானது நசுக்குவதல்ல, காத்திருப்பது. சூடு தணியாமல் அவசரமாக நசுக்கிய தகடு பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குளிரில் ஓங்கி ஓர் அடி விழுந்தால் வளைந்து கொடுக்காமல் பீங்கான் தட்டு மாதிரி உடைந்துபோகும். அதனால் பாதி நசுக்கியதும் நிறுத்திவிட்டு, உருளைப் பாதையில் தொட்டில் ஆட்டுவதுபோல அதை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டி ஆறவிட வேண்டும். மூன்று விரல் தகட்டுக்குப் பதினெட்டு நிமிடம். அப்புறம்தான் கடைசி நசுக்கல். இப்படி அவர் ஆட்டிய நேரத்துக்கு ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கியிருக்கலாம். அவருக்கும் மனைவி ஸுல்மீராவுக்கும் பிள்ளை இல்லை.

கடைசியில் ஒருநாள் வாசல் திறந்தது. குவாரபாரியில் ஸுல்மீராவின் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. ‘என் மீன்கடையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமைக்குள் வராவிட்டால் என் மச்சானுக்குக் கொடுத்துவிடுவேன்’ என்று கடிதம் வந்தது. ஒனோஃப்ரே அன்றே ராஜினாமா எழுதினார். வீட்டை ஜெசுவீனோ வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். ஜெசுவீனோ கூண்டில் அவருக்கு உதவியாளன். அவன் மகளுக்கு இவர் ஞானத்தந்தை. அந்த உறவில் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்று கூப்பிட்டுக்கொள்வார்கள், ஞானஸ்நானம் முடிந்த அந்த நிமிடத்திலிருந்து. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிப் பேருந்துக்கு இரண்டு சீட்டு எடுத்தாகிவிட்டது.

இங்கே எங்கள் ஆலை வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலையை விட்டுப் போகிறவர் கடைசியாக உருட்டிய தகட்டில் அவர் பெயரைச் சுண்ணாம்புக் கட்டியால் பெரிதாக எழுதுவோம். சோதனையில் தேறியதும் தகடு லாரியில் ஏறும். போகிறவர் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து அதோடு வாயிலைத் தாண்டுவார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது கிடையாது. வேலையை விட்டுவிட்டு நடந்து வெளியேறியவர் என்று எங்களில் யாரும் கிடையாது.

ஒனோஃப்ரேயின் கடைசித் தகடு வியாழக்கிழமை உருண்டது. ஓர் அணைக்கட்டின் ராட்சத நீர்க்குழாய்க்கு. பாதி நசுக்கி நிறுத்தியபோது மணி நாலு பத்து. வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டிய பதிவு அலுவலகம் ஐந்துக்கு மூடிவிடும். வெள்ளிக்கிழமை அது திறக்கவே திறக்காது, ஊர்ப் புனிதரின் திருநாள்.

“கொம்பாத்ரே, பேருந்துல போகவே அரை மணி ஆகும்” என்றான் ஜெசுவீனோ.

“தெரியும்.”

“வாங்கப்போற எனக்கே நெஞ்சு அடிச்சுக்குது. விக்கிற நீ உக்காந்து தொட்டில் ஆட்டிட்டு இருக்க.”

“இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்குடா.”

“பன்னெண்டு நிமிஷத்துல எனக்கு உன் வீட்டுக் கூரை ஒழுகுறது ஞாபகம் வந்துடும். அப்புறம் நான் பொறுப்பில்ல.”

ஒனோஃப்ரே கடிகாரத்தைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். பிறகு நீர்த்தாரைப் பொத்தானை அழுத்தினார். ஒருமுறை. இன்னொருமுறை. ஆவி புஸ்ஸென்று கிளம்பிக் கண்ணாடியை மூடியது. தகட்டின் மேல்தோல் கறுத்தது. எங்கள் வெப்பமானி தோலை மட்டும்தான் பார்க்கும், உள்ளே என்ன கொதிக்கிறது என்று அதற்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் பாதிரியாரைப் போல. முள் சரியான எண்ணுக்கு வந்து நின்றது. ஒனோஃப்ரே அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதினார். அவர் பொய் எழுதவில்லை. தகட்டைத்தான் பொய் சொல்ல வைத்தார். கடைசி நசுக்கல் முடிந்தது. ஐந்தடிக்க நாலு நிமிடம் இருக்கும்போது பத்திரத்தில் கையெழுத்தும் விழுந்தது.

மறுநாள் காலை சோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் தோனா நெய்தே தகட்டின் ஓரத்திலிருந்து விரல் நீளத் துண்டுகள் வெட்டி, பனிக்கட்டியைவிடக் குளிர வைத்து, ஊசல் சம்மட்டியை அவிழ்த்துவிட்டாள். துண்டுகள் வளைந்தன, உடையவில்லை. உடையாது. ஓரம் எப்போதும் தானாகவே முதலில் ஆறிவிடும். நடுவயிறு எப்படி இருக்கிறது என்று ஓரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

“உவாய், ஒனோஃப்ரே! சம்மட்டிக்குத்தான் வலிச்சிருக்கும்” என்று தொலைபேசியில் கத்தினாள். “போய் மீனை வறு. எனக்கு எடுத்து வை!”

பகல் பன்னிரண்டுக்கு முற்றத்தில் வழியனுப்பு விழா. லாரியில் தகடு. தகட்டில் அவர் பெயர். மேசையில் காப்பியும் பாலாடைக்கட்டி ரொட்டியும். ஒனோஃப்ரே ரொட்டியைத் தொடவில்லை. இருபத்திரண்டு ஆண்டில் அவர் தொடாத முதல் ரொட்டி அதுதான் என்றாலும் யாரும் சந்தேகப்படவில்லை, துக்கம் என்று நினைத்தார்கள். எங்கள் பொறியாளர் பெலிசார்யோ பேச எழுந்தார். பொறியாளர்களை நாங்கள் டாக்டர் என்போம். பேச ஆரம்பித்தால் அவர்கள் நிறுத்துவதில்லை.

“இந்தத் தகடு நூறு வருஷம் தண்ணியைத் தாங்கப் போகுது! ஒனோஃப்ரே மீன் வறுத்துட்டு இருப்பார், இங்க இவர் பேரு தண்ணியைத் தடுத்துட்டு நிக்கும்!”

எல்லோரும் கைதட்டினார்கள். ஒனோஃப்ரே லாரியின் பின்பக்கம் ஏறினார். பெயரைத் தடவிப் பார்க்கிறார் என்று நினைத்துக் கண் கலங்கினவர்களும் உண்டு. அவர் பையிலிருந்து மஞ்சள் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, தன் பெயருக்குக் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி போட்டார். அனுப்பாதே என்பதற்கு எங்கள் அடையாளம் அது.

“என்னய்யா பண்ற?” என்றார் டாக்டர்.

“நடுவுல வெட்டிப் பாருங்க, டாக்டர்.”

“சோதனைதான் தேறிடுச்சே!”

“ஓரம் தேறிடுச்சு.”

“நடுவுல வெட்டினா தகடு வீணாப் போயிடும்.”

“போகட்டும். இப்பவே அது வீண்தான்.”

டாக்டர் மஞ்சள் குறியை ஒருமுறை பார்த்தார். பிறகு வெட்டச் சொன்னார். நடுத்துண்டை நெய்தே அவசர அவசரமாகச் சீவி, குளிரவைத்து, மூன்றே காலுக்குச் சம்மட்டியை விட்டாள். சத்தமே பெரிதாக வரவில்லை. துண்டு இரண்டாகி ஒரு பாதி சுவரில் பட்டுத் தெறித்தது. உடைந்த முகம் சர்க்கரை மாதிரி மினுமினுத்தது. நெய்தே அதைக் குனிந்து எடுத்தாள். மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“தகட்டு மேல தண்ணியைப் பீச்சிட்டேன், டாக்டர். ஆறு நிமிஷம்தான் ஆறவிட்டேன்.”

டாக்டர் சொன்னதையெல்லாம் இங்கே அச்சிட முடியாது. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, “உன் ராஜினாமாக் காகிதத்துல முத்திரை வச்சாச்சு. இதுக்குப் பதிலா வேற பாளம் வர மூணு வாரம் ஆகும். ஜெசுவீனோ உருட்டிக்குவான். போ. வாசல் திறந்துதான் இருக்கு” என்றார்.

உண்மையில் திறந்துதான் இருந்தது. முற்றத்திலிருந்து பார்த்தாலே தெரியும்: வாயில், சாலை, அப்பால் பேருந்து நிலையத்தின் தகரக் கூரை.

“போ கொம்பாத்ரே” என்றான் ஜெசுவீனோ. “நான் பாத்துக்கறேன்.”

“உனக்குப் பொறுமை கிடையாதுடா” என்றார் ஒனோஃப்ரே.

நாலரை மணிக்கு ஸுல்மீரா இரண்டு பெட்டியும் வலைப்பையில் ஒரு வாணலியுமாக வாயிலுக்கு வந்தாள். கம்பிக்கு உள்ளே அவர், வெளியே அவள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

“உன்னை யாரு மனுஷா கேட்டா?”

“யாரும் கேக்கலை.”

“நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா?”

“யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

“குழாய் உடைஞ்சிருக்குமா?”

“தெரியல. அதான்.”

ஸுல்மீரா பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். “கடல் எங்கயும் போயிடாது, கடை போயிடும். சரி, ராத்திரி எங்க படுக்கறது? வீட்டை வித்துட்டியே, ஞாபகம் இருக்கா?”

ஜெசுவீனோ நல்லவன். பின்கட்டு அறையை அவர்களுக்கு வாடகைக்கு விட்டான். ஒனோஃப்ரே தானே கட்டிய அறைதான் அது. கூரை ஒழுகுவது அங்கேதான். மழை பெய்த முதல் நாளே ஸுல்மீரா வாணலியைச் சொட்டுக்கு நேராக வைத்தாள். வீட்டுக்காரரிடம் புகார் சொல்லலாமா என்று கேட்டாள். ஜெசுவீனோ, “கட்டினவன் சரியில்லம்மா” என்றான். குவாரபாரிக் கடையில் மச்சான் மீன் வறுக்க ஆரம்பித்தான்.

மூன்று வாரம் கழித்துப் பாளம் வந்தது. முத்திரை வைத்த ராஜினாமாவை வாயிலில் இன்னும் கொடுக்காமல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, ஒனோஃப்ரே பதினோரு படி ஏறினார். பாதி நசுக்கி நிறுத்தினார். ஆட்டினார். பதினெட்டு நிமிடமும் கடிகாரத்தின் பக்கம் திரும்பவில்லை. நடுவில் ஜெசுவீனோ காப்பி நீட்டினான், அதையும் வாங்கவில்லை. மறுநாள் நெய்தே ஓரத்தையும் பார்த்தாள். டாக்டர் கேட்டுக்கொண்டபடி, வழக்கத்தைவிட நீளமாக உருட்டியிருந்த தகட்டின் உட்பக்கத்திலும் வெட்டிப் பார்த்தாள். எதுவும் உடையவில்லை.

லாரியில் தகடு ஏறியது. பெயரும் எழுதியாகிவிட்டது. ஓட்டுநர் தன் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

“ஏறுங்க அண்ணே. இந்தத் தடவையாவது.”

ஒனோஃப்ரே தகட்டின் ஓரத்தில் மூன்று விரலை வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. கதவை மெல்லச் சாத்தினார்.

“நீ கிளம்பு தம்பி” என்றார். “உலையில இன்னொண்ணு இருக்கு.”

லாரி வாயிலைத் தாண்டித் திரும்பும் வரை நின்றார். பிறகு தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு படி ஏறினார்.