வெளிக்கிட்டாச்சு

"வெளிக்கிட்டாச்சு, வெளிக்கிட்டாச்சு!" என்று விநாயகமூர்த்தி அண்ணை குரல் கொடுக்கிறார். குரல் கிணற்றடியிலிருந்து வருகிறது. அதைத் தொடர்ந்து வாளி தண்ணீரில் விழும் சத்தமும் கேட்கிறது.

வெளிக்கிடுவது என்ற சொல்லுக்கு எங்கள் தீவுப் பக்கத்தில் மூன்று பொருள் உண்டு. பயணம் போக எண்ணுவதும் வெளிக்கிடுவதுதான். நல்ல உடுப்பு உடுத்துவதும் அதுதான். படலையைத் தாண்டி நடப்பதும் அதுதான். மற்றவர்களுக்கு இவை ஒன்றன்பின் ஒன்றாக நடந்துவிடும். வேலணை விநாயகமூர்த்தி அண்ணைக்கோ நடுவில் பசி வந்து, இடியப்பம் சாப்பிட்டு, உண்ட களைப்புக்குச் சற்றுச் சாய்ந்து எழும்பவும் வேண்டும்.

குளித்து வந்ததும் இஸ்திரிப்பெட்டியில் சிரட்டைக்கரி மூட்டி வேட்டியை மினுக்குவார். மினுக்கிய வேட்டி சூடாக இருக்கும், அது ஆறவேண்டும். அது ஆறும்வரை சால்வையை மினுக்குவார். அதற்குள் வேட்டி கதிரையில் கிடந்து கசங்கிவிடும். பிறகு பவுடர். பவுடர் போட்டால் வியர்க்கும். வியர்த்தால் முகம் கழுவவேண்டும். கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் அவரைப் பார்த்தால் கலியாண மாப்பிள்ளை என்றே எண்ணத் தோன்றும். போகிற இடம் அரிசி, சீனி வாங்கும் சங்கக்கடை.

"ஏன் அண்ணை இவ்வளவு சோடினை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மாத்தறையிலை கடை வைச்சிருந்தனான் எல்லே. எண்பத்துமூண்டுக் கலவரத்திலை ஒருக்கா வெளிக்கிடாமல் வெளிக்கிட்டனான். உடுத்த சாரத்தோடை, மேலிலை ஒரு துண்டுமில்லாமல். அது காணும். இனி ஏலாது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சால்வையின் மடிப்பை நீவினார். மடிப்பு எப்போதோ நேராகிவிட்டது. விரல் மட்டும் நிற்கவில்லை.

இவருக்கு வாழ்க்கைப்பட்ட இரஞ்சிதம் அக்காவின் பொறுமையைப் பாட இன்னும் ஒரு புராணம் எழவில்லை. போன மாதம் நயினாதீவில் அக்காவின் தமையன் வீட்டுக் குடிபூரல். அக்கா பட்டுச்சேலை உடுத்துப் படலையில் நின்றார். உள்ளேயிருந்து "வெளிக்கிட்டாச்சு" வந்துகொண்டே இருந்தது, அண்ணை வரவில்லை. துறைக்குப் போகும் பஸ் வந்தது. ஏறிப் போன அக்கா போனவர்தான். புதுவீட்டில் பால் பொங்கிய கையோடு அங்கேயே தங்கிவிட்டார்.

தட்டிவான் ஓட்டும் கதிர்காமுவின் மாமியார் வீடும் நயினாதீவில்தான். அவரிடம் அக்கா சொல்லியனுப்பினார்: "வெள்ளிக்கிழமை காலமை முதல் வள்ளத்துக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லும். வராட்டி இனி வரவே வேண்டாம்."

அண்ணை உடனே பதில் அனுப்பினார். "வெளிக்கிட்டாச்சு எண்டு சொல்லும்."

அன்று செவ்வாய்க்கிழமை.

வெள்ளி காலை கதிர்காமு படலையில் வானை நிறுத்தி ஹோர்ன் அடித்தார். குறிகட்டுவான் துறைக்குப் போகும் சனத்தோடு நானும் உள்ளே இருந்தேன். அண்ணை சவர்க்கார நுரை பூசிய முகத்தோடு எட்டிப் பார்த்தார்.

"வெளிக்கிட்டாச்சு, கொஞ்சம் பொறும்!"

"அண்ணை, நீங்கள் சொன்னதை அக்காட்டைச் சொன்னனான்" என்றார் கதிர்காமு.

"ஏசினவவே?"

"இல்லை."

"அழுதவவே?"

"அதுவும் இல்லை. ஒரு சொல்லும் பறையேல்லை. எனக்கொரு தேத்தண்ணிகூடத் தராமல் உள்ளுக்கை போயிட்டா."

ஐயோ, அந்த மௌனம்! தாலி கட்டிய நாள்தொட்டு அக்காவின் ஏச்சுக் கேளாமல் பொழுது விடிந்ததில்லை. இப்போது ஏசவும் மனமற்றுப் போனாரா? அண்ணை சவரக்கத்தியைத் திண்ணையில் எறிந்தார். அடுத்த கணம் வீட்டுச் சாரத்தோடு, வெறும் மேலோடு, பாதித் தாடியோடு வானுக்குள் பாய்ந்தார்.

"அண்ணை, சேட்டுப் போடேல்லை!"

"வானை எடும் ஐசே!"

புங்குடுதீவுப் பாலத்தைக் கடக்கும்வரை வானுக்குள் சனம் சிரித்தது. கோழிக்கூடையோடு இருந்த ஒரு மனுசி, "அண்ணை, மிச்சத் தாடியை நயினாதீவிலையோ வழிக்கிறது?" என்று கேட்டாள். அண்ணைக்குக் கேட்கவில்லை. வானுக்கு முந்தித் தான் போய்விடுவார் போல முன்சீற்றைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு இருந்தார்.

துறையில் நயினாதீவு வள்ளம் அப்போதுதான் வந்து அணைந்தது. சனம் இறங்குமுன்னே ஏறப் பாய்ந்த அண்ணையின் நெஞ்சில் ஒரு சூட்கேஸ் வந்து இடித்தது. சூட்கேசுக்குப் பின்னால் இரஞ்சிதம் அக்கா.

"இதென்ன கோலமப்பா?"

"உம்மைக் கூட்டிக்கொண்டு போகத்தான்..."

"நீங்கள் வரமாட்டியள் எண்டு தெரியும். அதுதான் நானே வந்தனான்."

அண்ணை அப்போதுதான் தன்னைக் குனிந்து பார்த்தார். இரண்டு கைகளாலும் வெறும் மார்பை மறைத்துக்கொண்டார். துறையே கைகொட்டிச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. சூட்கேசைக் கீழே வைத்தார். படியில் குனிந்து சேலைத் தலைப்பைக் கடலில் நனைத்தெடுத்து, அண்ணையின் காதோரம் காய்ந்திருந்த நுரையை அத்தனை பேர் முன்னாலும் மெல்லத் துடைத்துவிட்டார்.