வேலிக்குள் எழும்பிய எங்கள் பனை

சொல்ல இருப்பவை, ஒழுங்குப்படி:
1. முதலில் வேலி போட்டது சரி.
2. காலக்கெடு இருந்ததால்தான் மரம் எழும்பியது.
3. அழியாத பலகையில் வரைந்திருந்தால் இன்னும் திறமாக வந்திருக்கும்.

கைபேசி உள்ளங்கையில் சூடேறியிருந்தது. உடுவிலில் மத்தியானம், மின்வெட்டு. திரையில் ஒரு சின்னச் சதுரத்தைப் பச்சையாக்கிவிட்டு, அடுத்ததற்காக ஐந்து நிமிடம் காத்திருந்தேன்...

சில வருடங்களுக்கு முந்திய கதை. இணையத்தில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை. உலகத்தில் யாரும் வந்து நிறம் வைக்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருவருக்கு ஒரு சதுரம். ஒருவர் வைத்ததன் மேல் இன்னொருவரும் வைக்கலாம். நாலு நாளில் மூடிவிடுவார்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் மகள் சுகந்தி, உறவினர் எல்லோரும் சேர்ந்து ஒரு பனை வரைவோம் என்றாள். நான் படவரைஞனாக வேலை பார்த்தவன் என்பதால் திட்டம் என் தலையில் விழுந்தது. எதிலும் முன்னுக்கு நின்று பழகாதவன் நான். கட்டத்தாளில் பல தரம் அழித்து அழித்து வரைந்தேன்.

முதலில் பனையைச் சுற்றி வேலி என்று அறிவித்தேன். எல்லை இல்லாமல் எப்படி மரம் வைப்பது? அதிலேயே பாதி நேரம் போய்விட்டது. உடுப்பிட்டியிலிருந்து தங்கை கமலி அழைத்தாள்.

“அண்ணை, வேலி மட்டும்தான் நிக்குது. ஆடு மாடு வருமெண்டு பயமோ?”

“எல்லை முக்கியம், பிள்ளை.”

“ஓம் ஓம், காணி வழக்குக்கு இப்பவே ஆயத்தம்!”

கடைசி நாள். அடிமரம் முடிந்திருந்தது. வட்டுக்கு, அதாவது ஓலை விரியும் தலைக்கு, ஆளும் போதவில்லை, நேரமும் போதவில்லை. போரில் ஷெல் விழுந்து தலையில்லாமல் நின்ற பனைகளை நாங்கள் போதுமளவு பார்த்தாயிற்று. இதுவும் அப்படியே முடியப்போகிறதா?

“அப்பா, பக்கத்திலை பூனைப் படம் கீறுற ஆக்கள் கேக்கினம்,” என்றாள் சுகந்தி. “வாலுக்கு எங்கடை வேலியிலை கொஞ்சம் வேணுமாம். விட்டால் ஓலைக்குக் கை குடுப்பினமாம்.”

“ஆர் உவையள்?”

“தெரியாது. பிரேசில்காரர் போலை.”

கமலியும் அழைப்பில் இருந்தாள். “ஒரு பொட்டு விடுங்கோ அண்ணை. பொட்டில்லாத வேலி எங்கையேன் இருக்கோ?”

அயலார் நுழைந்து வர வேலியில் விடும் இடைவெளியைத்தான் சொன்னாள்.

யோசித்தேன். பிறகு என் வேலியின் முதல் சதுரத்தை நானே பூனையின் செம்மஞ்சளாக்கினேன்.

வால் உள்ளே வந்தது. பின்னால் ஆட்களும் வந்தார்கள். ஓலை ஓலையாக விரிந்தது. பலகை மூடும்போது எங்கள் பனை தலையோடு நின்றது! கமலி போட்ட கூச்சலில் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நடத்தியவர்கள் எல்லாவற்றையும் அழிக்க, பலகை முழுவதும் வெள்ளையாகிவிட்டது.

வேலி வீண் என்று இன்றும் என்னைக் கேலி செய்கிறார்கள். வேலி இல்லாவிட்டால் பொட்டை எங்கே விடுவது?

இப்போது மூடாத, அழியாத ஒரு பலகையில் அதே பனையைத் தொடங்கியிருக்கிறோம். அதே உறவினர், அதே திட்டம். கேட்டால், “நாளைக்கு வைக்கிறன் அண்ணை” என்கிறாள் கமலி. நானும் அப்படித்தான். ஒரு வருடமாக அடிமரம் மட்டும் நிற்கிறது. இடம் கேட்டு வர ஒரு பூனையும் இல்லை.

அழிந்துபோன அந்தப் பனையைப் பற்றித்தான் வருவோர் போவோருக்கெல்லாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறேன்.

ஆகவே மூன்றாவதாக எழுதியது பிழை.