பத்து மணிக் குளியல்

நாலாம் நாள் காலை

எட்டு மணிக்குச் சுகர் ஐம்பத்திரண்டு. மெஷின் பிழையோ என்று இன்னொரு விரலில் குத்திப் பார்த்தேன். ஐம்பது. பரமேஸ்வரி அம்மாவின் நெற்றி வியர்த்திருந்தது. கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. ஆறரைக்கு இன்சுலின் போட்டிருந்தோம். ஏழு மணிக்கு வைத்த இடியப்பமும் சொதியும் மூடியபடி மேசையில் அப்படியே இருந்தன.

குளுக்கோஸ் கரைத்து வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கிக்கொண்டார். எனக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன.

"அம்மா, இது சாப்பாடில்லை, மருந்து!" என்று கத்தியே விட்டேன்.

உடனே வாயைத் திறந்தார். மிச்சம் வைக்காமல் குடித்தார். பதினைந்து நிமிடத்தில் சுகர் எழுபத்தெட்டுக்கு ஏறியது. எனக்கு மூச்சு வந்தது. மூளைதான் வரவில்லை. மருந்து என்றதும் ஏன் வாயைத் திறந்தார் என்று அந்த நேரம் நான் யோசிக்கவேயில்லை.

நான் போட்ட ரோஸ்டர்

அரசாங்க ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்ற பிறகு, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கும் முதியோர் விடுதிக்குப் பொறுப்பாக வந்தேன். இது நிரந்தர இல்லம் அல்ல. பிள்ளைகள் வெளிநாடு போகும்போது, ஒப்பரேஷனுக்குப் பிறகு, வீட்டுக்கு பெயின்ற் அடிக்கும்போது இரண்டு மூன்று கிழமைக்கு வந்து தங்குவார்கள். வந்த ஆள் வந்தபடியே வீட்டுக்குத் திரும்பவேண்டும். எங்கள் பராமரிப்பின் தரத்துக்கு அதைவிட வேறு அளவுகோல் கிடையாது.

பரமேஸ்வரி அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. உப தபாற்கந்தோரில் போஸ்ற் மாஸ்ரராக இருந்தவர். பம்பலப்பிட்டியில் மகனோடு தொடர்மாடியில் இருக்கிறார். மகனும் மருமகளும் மூன்று கிழமைக்குக் கனடா போகிறார்கள். நாலு பக்கப் படிவத்தை வைத்துக்கொண்டு நான் கேள்வி கேட்க, மகன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அம்மா எல்லாம் சாப்பிடுவா மிஸ். அவவால ஒரு கரைச்சலும் இல்லை."

பக்கத்தில் இருந்த அம்மாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. பிளைட்டுக்குப் போகிறவரிடம் கேட்டேன், தங்கப்போகிறவரிடம் கேட்கவில்லை.

எங்கள் விடுதியில் குளியல் பத்து மணிக்குத்தான். காலையில் மருந்து, இன்சுலின், சாப்பாடு என்று பராமரிப்புப் பிள்ளைகள் ஓடித்திரிவார்கள். பத்து மணிக்குப் பிறகென்றால் ஒருவருக்கு இரண்டு பேர் பக்கத்தில் நிற்கலாம். அந்த ரோஸ்டரை நான்தான் போட்டேன். நான் வந்த பிறகு குளியலறையில் ஒருவரும் வழுக்கி விழவில்லை என்று வருகிற போகிற எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

வந்த அடுத்த நாள் காலையில் அம்மா கேட்டாராம். "வெள்ளெனவே மேல் கழுவ விடுவியளோ பிள்ளை?" பராமரிப்புக்கு நின்ற பிள்ளை, "உங்கட முறை பத்து மணிக்கு அம்மா, லிஸ்ற்றில இருக்கு" என்று சொல்லியிருக்கிறது. வாழ்நாளெல்லாம் கவுண்டரில் இருந்து மற்றவர்களை வரிசையில் நிற்க வைத்தவர் அவர். லிஸ்ற் என்றதும் தானும் முறைக்குக் காத்திருந்தார்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் காலைத் தட்டு மூடியபடியே கிடந்தது. பத்தரைக்கு மேல் ஆறினதைக் கொஞ்சம் சாப்பிட்டார். எங்கள் சார்ட்டில் "சாப்பாடு கொடுத்தது" என்று ஒரு கட்டம்தான் இருந்தது. அதில் பிள்ளைகள் சரி போட்டார்கள். நான் ஃபைலில் எழுதினேன்: "பசி குறைவு. ஒத்துழைப்பதில்லை. புத்தித் தடுமாற்றம் இருக்கலாம்." மூன்றாம் நாள் பின்னேரம் மகன் ரெலிபோன் எடுத்தபோது அதையே சொன்னேன்.

"அப்ப அம்மாவை இனி வீட்டில வைச்சுப் பாக்கேலாதோ மிஸ்? ஹெந்தளைப் பக்கம் ஒரு நிரந்தர இல்லம் இருக்கெண்டு சொல்லுகினம். போர்ம் போடட்டோ?"

"போட்டு வைக்கிறது நல்லம் தம்பி" என்றேன். யோசிக்காமல் சொன்ன அந்த நாலு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் என்னில் எனக்கே ஆத்திரம் வரும்.

நஸீமா சொன்னது

சுகர் ஏறினாலும் சாப்பாடு உள்ளே போகாவிட்டால் மறுபடி இறங்கும். தட்டைத் திறந்து நீட்டினேன். அம்மா கையால் மூடினார். சூடான இடியப்பம் கொண்டுவந்து பின்னால் நின்ற எங்கள் சமையல்காரி நஸீமா மெதுவாகச் சொன்னாள்.

"மிஸ், அவங்களுக்குப் பசி இல்லாம இல்ல. பசிய அடக்கிக்கிட்டு இருக்காங்க. நோன்பு புடிக்கிற எனக்கு அந்த மொகம் தெரியாதா?"

நான் கட்டில் ஓரத்தில் அமர்ந்து கேட்டேன். "அம்மா, என்ன செய்தால் சாப்பிடுவியள்?"

"மேல் கழுவி, திருநீறு பூசாமல் நான் வாயில சாப்பாடு வைச்சதில்லை. மருந்துக்குத் தோஷமில்லை. நீங்களும் யாழ்ப்பாணம்தானே பிள்ளை? நான் சொல்லவேணுமோ?"

என் அம்மாவும் அப்படித்தான். அது தெரிந்த நான் அதை விடுதியின் வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இருந்த இடத்திலேயே வெந்நீர் கொண்டுவந்து உடம்பு துடைத்து, சேலை மாற்றி, திருநீறு எடுத்துக் கொடுத்தோம். ஐந்து இடியப்பம் சாப்பிட்டார். "சொதிக்கு உப்புக் கொஞ்சம் காணாது" என்றார். தடுமாற்றமாம், தடுமாற்றம்!

அடுத்த நாளிலிருந்து அவருக்கு ஐந்தே முக்காலுக்குக் குளியல். டொக்டரிடம் கேட்டு, குளித்து வந்த பிறகு இன்சுலின், அதன்பின் சாப்பாடு. சார்ட்டில் "சாப்பிட்டது எவ்வளவு" என்று இன்னொரு கட்டம் கீறினேன்.

ரெலிபோன்

பாடுபட்டது மகனிடம் பேசுவதற்குத்தான்.

"தம்பி, நான் சொன்னது பிழை. அம்மாவுக்கு ஒண்டுமில்லை. பிழை எங்கட நேரத்தில."

"இடம் கிடைச்சிட்டுது மிஸ். வாற மாதம் முதலாம் திகதி. நீங்கள்தானே சொன்னனியள்?"

"ஓம், நான்தான் சொன்னனான். இப்ப நானே சொல்லுறன், வேண்டாம். நாளைக்குக் காலமை வீடியோவில எடுங்கோ, நீங்களே பாருங்கோ."

பார்த்தார். பிட்டைக் குழைத்துக்கொண்டே அம்மா மகனிடம் பல்கனிக் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வைத்தாயா என்று விசாரித்தார். மகன் அன்றே இடத்தை விட்டுவிட்டதாகச் செய்தி அனுப்பினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சாப்பிடாத ஆளைக் கண்டால் பசியில்லை என்று எழுதாதீர்கள். சாப்பிட முன் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று அவரிடமே கேளுங்கள். எங்கள் படிவத்தில் இப்போது அதுதான் முதல் கேள்வி.

போகிற நாள்

மகன் வந்து பையைத் தூக்கினார். அம்மா எழும்பவில்லை.

"என்னைப் பற்றி எழுதின ஃபைலை ஒருக்கால் காட்டுங்கோ பிள்ளை."

கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு வரி வரியாக வாசித்தார். "ஒத்துழைப்பதில்லை. புத்தித் தடுமாற்றம் இருக்கலாம்" என்ற வரியை நான் ஏற்கெனவே வெட்டியிருந்தேன். அதில் விரலை வைத்தார்.

"வெட்டினால் பக்கத்தில திகதி போட்டு ஒப்பம் வைக்கவேணும். இல்லாட்டி ஆர் வெட்டினதெண்டு என்னெண்டு தெரியும்?"

மகனும் பராமரிப்புப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நிற்க, திகதி போட்டு ஒப்பம் வைத்தேன். சரிபார்த்துவிட்டு ஃபைலை மூடி என் கையில் தந்தார். பிறகுதான் எழும்பி, மகனுக்கு முன்னால் நடந்து வீட்டுக்குப் போனார்.