எனக்கு எதிராகப் போன ஆஸ்பத்திரி பைல்

ஆட்சி மாறியிருந்த சமயம். தஞ்சாவூர் பக்கம் வெண்ணாற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் குறுவை நடவு தொடங்கியிருந்தது. எனக்கு அறுபத்திரண்டு வயது. மார்பில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் முடிந்து நாலு வருடம் ஓடியிருந்தது. இறந்துபோன என் கணவர் பெயரில் இருந்த இரண்டு ஏக்கர் குத்தகையை என் பெயருக்கு மாற்றித் தரக் கேட்டிருந்தேன். அதற்குத் தாலுகா ஆபீசில் விசாரணை.

குத்தகைக்காரர் சொந்த உழைப்பில் சாகுபடி செய்ய வேண்டும் என்பது சட்டம். நிலத்துக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். "புத்துநோய் வந்தவங்க சார். இவங்க எங்க சேத்துல இறங்கப் போறாங்க?" என்றார். அவரோடு வந்திருந்த புது ஆளுங்கட்சிக் கரைவேட்டிக்காரரும் தலையாட்டினார்.

அங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஆபீஸ் என்றாலே வீட்டில் இருக்கிற காகிதத்தையெல்லாம் மஞ்சள் பையில் அள்ளிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். ஆஸ்பத்திரி பைலும் அதில் இருந்தது. குணமாகிவிட்டது என்று டாக்டர் கடைசிப் பக்கத்தில் எழுதியதைக் காட்டத்தான் நீட்டினேன். அதிகாரி முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மூடினார்.

"நோய் இருந்தது உண்மைதானே?" என்று கேட்டார். என்னிடம் இல்லை, துணைக்கு வந்த என் மகனிடம்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னோடு அதே ஆபரேஷன் செய்துகொண்ட டவுன் டீச்சரம்மா ஸ்கூட்டர் ஓட்டுகிறார். தைரியசாலி என்று தெருவே பாராட்டுகிறது. நான் நாற்று நட்டால் மட்டும் நம்ப மாட்டார்களாம். பைலை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

நாலாம் நாள் அதிகாரி நிலத்தைப் பார்க்க வந்தார். வரப்பில் நின்றுகொண்டு, "அந்த நோயாளியம்மா எங்க?" என்றார். பதினோரு பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தோம். வரிசையை இரண்டு தடவை பார்த்தார். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் நட்டவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நிமிர்ந்து கையைத் தூக்கினேன். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை தோளுக்கு மேல் வராது. வந்த மட்டும் தூக்கினேன்.

"நான்தாங்க அது. இனிமே எதுவா இருந்தாலும் எங்கிட்டயே கேளுங்க."

குத்தகை என் பெயருக்கு வந்தது. வருத்தம் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. சாவிலிருந்து தப்பி வந்தவளை, உயிரோடு இருப்பதைச் சேற்றில் நின்று நிரூபிக்க வைத்தார்களே என்ற கோபம், ஒவ்வொரு குறுவைக்கும் முதல் நாற்றை ஊன்றும்போது இன்னும் என் கையில் இருக்கிறது.