தொந்தரவு செய்யவில்லை

எங்கள் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்காது. இதைச் சொன்னாலே பாதிப் பெற்றோர் முகம் சுளிப்பார்கள். ஆபீஸில் உட்கார்ந்து போன் எடுப்பதும் சேர்க்கைப் படிவம் கொடுப்பதும் என் வேலை என்பதால், அந்தச் சுளிப்பை முதலில் வாங்கிக்கொள்வது என் தலையெழுத்து. மணி இல்லை, மார்க் இல்லை, வரிசையாக பெஞ்சு இல்லை. "அப்ப என்னதான் இருக்கு?" என்பார்கள். மாண்டிசோரி முறை என்பேன். மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அது இருப்பது பலருக்கும் தெரியும். பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்கும் உண்டு என்றால், நான் ஏதோ கதை விடுவதாகப் பார்ப்பார்கள். எங்களிடம் அந்த நடுநிலைப் பிரிவை ஆரம்பித்து நடத்தியவளைப் பற்றித்தான் இது.

பிள்ளைகள் அவளை அக்கா என்று கூப்பிடுவார்கள். பெருக்கித் துடைக்கிற அம்மா வைத்த பெயர் சிலை. அந்தப் பெயர்தான் எங்களிடையே நிலைத்தது. காலையில் மூன்று மணி நேரம் பிள்ளைகள் அவரவர் எடுத்துக்கொண்ட வேலையைச் செய்வார்கள். இரண்டு பேர் நாற்றுக்கு மண் கலப்பார்கள், நாலு பேர் தாங்கள் காய்ச்சிய சோப்பு ஏன் கட்டியாகவில்லை என்று சண்டை போடுவார்கள், ஒருத்தி தரையில் வரைபடத்தை விரித்துக்கொண்டு குப்புறப் படுத்திருப்பாள். இவள் மூலையில் ஒரு குட்டை நாற்காலியில் உட்கார்ந்து, பார்ப்பதை நோட்டில் எழுதிக்கொண்டிருப்பாள். வேலையில் மூழ்கியிருக்கிற பிள்ளையைக் கூப்பிடக் கூடாது, திருத்தக் கூடாது, பாராட்டவும் கூடாது. ஒருமுறை ஒருத்தன் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்த்துவிட்டான். அவள் பாதம் நனைந்தது. அப்போதும் எழுந்திருக்கவில்லை. "அவனே துடைப்பான்" என்றாள். அவனே துடைத்தான். எனக்கு எரிச்சலாக வந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், அந்தப் பிள்ளைகளைப் போல நிமிர்ந்து பேசுகிற பிள்ளைகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவள் சும்மா இந்த முறைக்கு வந்துவிடவில்லை. அதற்கு முன் பத்து வருடம் பிரம்பு வைத்திருக்கிற பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். அவளுடைய ஒரே மகளும் அங்கேதான் படித்தாள். கையெழுத்து மோசம், டிக்டேஷனில் பிழை என்று அந்தப் பெண்ணின் விரல் முட்டியில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒரு சாயங்காலம் டம்ளரைப் பிடிக்க முடியாமல் மகள் கீழே போட்டிருக்கிறாள். மறுநாளே இவள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கணவர் கப்பலில் வேலை, வருடத்துக்கு ஒரு மாதம்தான் வீட்டில். யாரையும் கேட்கவில்லை. முப்பத்தாறு வயதில் பயிற்சிக்குப் போய்ப் படித்துவிட்டு எங்களிடம் வந்தாள். என் பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் என்று அவள் சத்தியமாக நம்பினாள். 

மகளை எல்லோரும் தலைவி என்போம். பதினோரு வயதில் அம்மாவின் பிரிவில் சேர்ந்தாள். திங்கட்கிழமைக் கூட்டத்தைப் பிள்ளைகளே நடத்துவார்கள். அதில் இவள் பேச ஆரம்பித்தால் பெரிய பையன்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள். யார் போன வாரம் என்ன சொன்னார்கள், எந்த வேலையை யார் ஏற்றுக்கொண்டார்கள், எல்லாம் தலைகீழ்ப் பாடம். கையில் காகிதமே இருக்காது. "அம்மாடி, இவ எங்கயோ போயிடுவா" என்று நானே சொல்லியிருக்கிறேன். ஒருமுறை இரண்டு வகுப்புக்கான அறிவிப்புக் காகிதங்களை அவளிடம் கொடுத்தனுப்பினேன். அதை இங்கும் இதை அங்குமாக மாற்றி ஒட்டிவிட்டாள். "கண்ணை எங்க வெச்சிருந்த?" என்று கத்தினேன். "ஞாபகமில்லாம ஒட்டிட்டேன் ஆன்ட்டி" என்று சிரித்தாள். நானும் சிரித்து விட்டுவிட்டேன்.

எங்களிடம் எட்டாவது வரைதான். அதற்குப் பிறகு வேறு பள்ளிக்கூடம். எங்கள் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிற உயர்நிலைப் பள்ளி பக்கத்தில் ஒன்றே ஒன்று. நுழைவுத் தேர்வு எழுதி உள்ளே போக வேண்டும். தேர்வு முடிந்த மறுநாள் காலை போன் வந்தது. எடுத்தது நான். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் பேசினார்.

"உங்க பிள்ளைங்க எட்டு பேர்ல ஏழு பேர் நல்லா எழுதியிருக்காங்க மேடம். ஒரு பொண்ணு மட்டும் பேரை எழுதிட்டுப் பேப்பரை அப்படியே குடுத்திருக்கு. உடம்பு சரியில்லையோன்னு கூப்பிட்டுக் கேள்வியை வாசிக்கச் சொன்னேன். மேடம், அந்தப் பொண்ணுக்கு வாசிக்கத் தெரியல."

தலைவியின் பெயரைச் சொன்னார். நான் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். பிறகு மூன்று மணி நேர வேலை முடிகிறவரை, உள்ளே போய்ச் சொல்லாமல் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எங்கள் பள்ளி வழக்கம் எனக்கும் தொற்றியிருந்தது.

சொன்னதும் சிலை முதலில் கோபப்பட்டாள். "அவளுக்கா? அவ புத்தகத்தை எடுத்தா ஒரு மணி நேரம் அசைய மாட்டாளே!" என்று தன் நோட்டுகளை எடுத்துவந்து என் மேசையில் போட்டாள். இரண்டரை வருடத்து நோட்டுகள். மகளின் பக்கங்களைப் புரட்டிக் காட்டினாள். தேதி, நேரம், பிறகு வரிகள்: 'நாற்பத்தைந்து நிமிடம் வாசிப்பு. கலையாத கவனம். தொந்தரவு செய்யவில்லை.' அடுத்த வாரமும் அதே. அடுத்த மாதமும் அதே. புரட்டப் புரட்ட அவள் கை மெதுவானது. பாதியில் நோட்டை மூடிவிட்டு, தலையை என் மேசையில் வைத்துக்கொண்டாள். கவனம் என்று அவள் எழுதி வைத்ததெல்லாம் பயம். அம்மா பார்க்கிறாள் என்று ஒரே பக்கத்தை வெறித்துக்கொண்டு, அவ்வப்போது தாளைத் திருப்பியிருக்கிறாள் அந்தப் பெண்.

அன்று சாயங்காலம் மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். குழுவில் வேலை செய்யும்போது, "நீ வாசி, நான் படம் போடறேன்" என்பாளாம். மற்றவர்கள் வாசிப்பதை ஒருமுறை கேட்டால் மனதில் நின்றுவிடுமாம். வீட்டில் தினமும் அம்மாதான் கதை வாசித்துக் காட்டுவாள். எழுத்துகள் அவளுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்குமாம். "ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று இவள் அழுதிருக்கிறாள். "நீ கேக்கவே இல்லையேம்மா" என்றாளாம் மகள். 

இந்த மாதிரி வாசிப்புக் குறைபாட்டைப் பற்றித் தெரிந்த ஒரு நிபுணரிடம் காட்டினார்கள். புத்திக்கு ஒரு குறையும் இல்லை, கற்றுக்கொடுக்க வழி இருக்கிறது, ஆனால் ஒன்றிரண்டு வருடம் பொறுமை வேண்டும் என்றார் அவர். வருடத்துக்கு எங்கே போவது? உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் நல்ல மனிதர். நாற்பது நாள் கொடுத்தார். "ஒரே ஒரு பக்கம் தானா வாசிக்கட்டும், எவ்வளவு மெதுவா வேணா வாசிக்கட்டும், எடுத்துக்கறேன். இல்லைன்னா எங்ககிட்ட இருக்கிற ஐந்தாம் வகுப்புலதான் உட்காரணும்" என்றார். பத்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டுமா என்று கேட்டு, அந்தப் பெண் அன்றிரவு சாப்பிடவில்லை. அப்படியானால் எங்கேயும் போகமாட்டேன், வீட்டிலேயே கிடக்கிறேன் என்றாள். பிடிவாதத்தில் அம்மாவுக்கு ஒரு படி மேல், சொன்னால் செய்வாள்.

மறுநாள் சிலை என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "சின்னப் பிள்ளைங்க அலமாரி சாவி வேணும்" என்றாள். உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துகள் அதில் இருக்கும். நாலு வயதுப் பிள்ளைகள் விரலால் தடவிப் பழகுகிற எழுத்துகள். அந்தப் பெட்டியைப் புடவைத் தலைப்பால் மூடி எடுத்துக்கொண்டு போனாள். நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, பதின்மூன்று வயதுத் தலைவி ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பெட்டியின் மேல் பாவாடையை விரித்து மூடினாள். எனக்கு ஏன்தான் வந்தோம் என்றாகிவிட்டது.

அந்த நாற்பது நாளில் அம்மாவுக்குப் பித்துப் பிடிக்காதது ஆச்சரியம். காலை நாலரைக்கு எழுப்புவாள். பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை பேசாத சிலை, வீட்டில் வாயை மூடவே இல்லை. "இது என்ன, சொல்லு. இப்பதானே சொன்ன? சொல்லு!" அடுத்த வீட்டுக்கே கேட்குமாம். இருபதாவது நாளோ என்னவோ, கையை ஓங்கி அடித்தும்விட்டாள். பிரம்பு வேண்டாமென்று வேலையை விட்டு வந்தவள். அடித்த கையை என்னிடம் நீட்டிக் காட்டி, "இந்தக் கையை என்ன பண்றது, சொல்லுங்க" என்றாள்.  ஆபீஸ் வேலை பார்க்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது?

ஆனால் பெண் கற்றுக்கொண்டாள். ஒரு அட்டையை எடுத்து வரிக்குக் கீழே வைத்துக்கொள்வாள். வார்த்தையைப் பார்ப்பாள், உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. அப்படியே நிற்பாள். ஒரு நிமிடம்கூட ஆகும். நமக்கு மூச்சு முட்டும். பிறகு முழு வார்த்தையும் ஒரே தடவையில், பிசகில்லாமல் வரும். முப்பத்தெட்டாவது நாள் என் முன்னால் அரைப் பக்கம் வாசித்தாள். முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அழுததைப் பார்த்து, "ஆன்ட்டி, ஒப்பாரி வைக்கிற மாதிரி அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றாள். இத்தனை நாளில் அந்த வீட்டில் மூன்று பேரும் சிரித்தது அப்போதுதான்.

நாற்பதாவது நாள் என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தலைமையாசிரியர் அறையில் எங்கள் இருவருக்கும் சுவரோரம் நாற்காலி. மகளை மேசைக்கு எதிரே உட்காரவைத்து ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். அவள் அட்டையை வரிக்குக் கீழே வைத்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை. தன் ரிஜிஸ்டரைத் திறந்து வேறு வேலையைப் பார்க்க ஆரம்பித்தார், அவளுக்குக் கூச்சமாக இருக்கக் கூடாதென்று.

முதல் வரி வந்தது. இரண்டாவது வந்தது. ஒவ்வொன்றுக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நாலாவது வரியில் ஒரு நீளமான சொல்லில் நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும். தலைமையாசிரியர் நிமிரக்கூட இல்லை. பக்கத்தில் இவள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். முறுக்கி, முறுக்கி, நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடிக்கப் போனேன். அதற்குள் அந்தச் சொல்லை அம்மாவே சத்தமாகச் சொல்லிவிட்டாள்.

தலைமையாசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் அவசரப்படுத்தவே இல்லையேம்மா" என்றார். பிறகு பெண்ணிடம், "பரவாயில்லை கண்ணு, அடுத்த வரியிலேருந்து வாசி" என்றார்.

அவள் அட்டையை நகர்த்தவில்லை. அவர் இன்னொரு முறை சொன்னார். தண்ணீர் கொடுத்தார். வேறு பக்கம் எடுத்துக்கொடுத்தார். பத்து நிமிடம் காத்திருந்தார். அவள் புத்தகத்தை மூடி, சத்தம் வராமல் மேசையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள்.

நாங்கள் பின்னாலேயே ஓடினோம். வராந்தாவின் கடைசியில் நின்றிருந்தாள். இவள் அவள் காலில் விழாத குறையாக, "வா கண்ணு, ஒரே ஒரு தடவை, அம்மா வெளியவே நிக்கறேன்" என்று கெஞ்சினாள். பெண்ணுக்கு அழுகை இல்லை, கோபமும் இல்லை. களைத்துப்போனவளாக அம்மாவைப் பார்த்தாள்.

"வாய் வரைக்கும் வந்துடுச்சும்மா" என்றாள். "அதுக்குள்ள நீ சொல்லிட்ட."