இரண்டும் வலது

பட்டறையிலிருந்து வண்டியை எடுத்து வந்த வியாழக்கிழமை சாயங்காலமே ஜெயபாயின் காலுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில் ஒரு வேகத்தடை உண்டு. அங்கே பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது. ஆனால் பெடல் வழக்கத்தைவிட இரண்டு விரற்கடை கீழே போய்த்தான் பிடித்தது. ஈரத் துணி மூட்டையை மிதித்த மாதிரி இருந்தது. காலை எடுத்து மறுபடி மிதித்தாள். இந்தத் தடவை மேலேயே நின்றது. பின்னால் வந்த பஸ்காரன் ஹார்ன் அடித்தான். அவள் வண்டியை ஓரங்கட்டி, அங்கேயே நின்று மெக்கானிக் சஜினுக்குப் போன் செய்தாள்.

"சஜினே, பெடல் பதியுது கேட்டியா."

"புது பிரேக் பேடல்லே சேச்சி. தட்டோட ஒட்டிப் பழகணும். ரெண்டு நாள் ஓடட்டு, செட் ஆகும்."

"முதல் மிதிக்குப் போவுது, ரெண்டாம் மிதிக்கு மேல வருது. இது பேடுக்க கொழப்பமா?"

"பேடிக்கண்டா சேச்சி, பயப்படாதீங்க. நானல்லே போட்டது."

ஜெயபாய்க்கு நாற்பத்தாறு வயது. களியக்காவிளைப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி திருவனந்தபுரம் வந்தவள். கணவர் ராஜையன் டைல்ஸ் பதிக்கும் வேலைக்காக வாரத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். அவள் முதலில் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாவாக இருந்தாள். மூன்று வருஷம் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கால்களைப் பார்த்தே பாதி ஓட்டக் கற்றுக்கொண்டாள். மீதியை டிரைவிங் ஸ்கூலில் கற்றாள். இப்போது சொந்தமாக ஒரு வெள்ளை வேன். கழக்கூட்டத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலிலிருந்து ஆறு பேரைக் காலையில் ஐ.டி. பார்க்கில் விடுவாள், சாயங்காலம் திரும்பக் கொண்டுவருவாள். பதினோரு வருஷத்தில் ஒரு கோழிமேல்கூட ஏற்றியதில்லை என்று அவளைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

அந்த வியாழக்கிழமை சஜின் முன்சக்கரம் இரண்டுக்கும் தட்டு, பேட், தட்டை இறுக்கிப் பிடிக்கிற காலிப்பர் எல்லாவற்றையும் புதிதாக மாற்றியிருந்தான். அன்று பட்டறையில் இன்னொரு வேனும் நின்றது. டாக்சி ஓட்டும் ஹரிகுமாருடையது. அதே மாதிரி வண்டி, அதே வேலை. மழை வரும்போல இருந்ததால் சஜின் இரண்டு வண்டியையும் சேர்த்தே கழற்றிப் போட்டிருந்தான். பெட்டிகளைப் பிரித்தெறிந்து, நான்கு புதுக் காலிப்பர்களையும் ஒரு சாக்கின்மேல் வரிசையாக வைத்திருந்தான். ஜெயபாய் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை பெடல் இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஹாஸ்டல் பெண்களை இறக்கிவிட்டபின் பானெட்டைத் திறந்து பார்த்தாள். பிரேக் ஆயில் கோடு வரை நிறைந்திருந்தது. நான்கு சக்கரத்தின் அடியிலும் பேப்பர் விரித்து மத்தியானம் வரை விட்டாள். ஒரு சொட்டுகூட இல்லை. எங்கேயும் ஒழுகவில்லை, எதுவும் குறையவில்லை, ஆனாலும் பெடல் இறங்கியது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

சாயங்காலம் பட்டறைக்கே போனாள். சஜின் முகம் சுளித்தாலும், பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை மறுபடி வெளியே எடுத்தான். அவள் சீட்டில் உட்கார்ந்து மிதிக்க, அவன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து காலிப்பரிலுள்ள சின்ன நிப்பிளைத் திறந்து மூடினான்.

"அமர்த்து சேச்சி... பிடி... விடு."

வலப்பக்கம் இரண்டு மூன்று குமிழி வந்தது. இடப்பக்கம் சுத்தமான ஆயில்தான் வந்தது. பெடல் கொஞ்சம் ஏறினாற்போல இருந்தது. 

"முழுசா சரியாவல்ல சஜினே."

"ஹரி அண்ணனுக்க வண்டியிலும் இதே சாதனம்தான் போட்டது. அங்க ஒரு கம்ப்ளெயிண்டும் இல்லல்லோ? சேச்சிக்க மனசிலாக்கும் கொழப்பம்."

அந்தப் பேச்சு அவளை ஆட்டிவிட்டது. ஒருவேளை அப்படித்தானோ என்று வீடு வரும்வரை யோசித்தாள்.

சனிக்கிழமை காலை பைபாஸில், முன்னால் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று சட்டென்று நின்றது. கம்பிகள் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. நுனியில் சிவப்புத் துணி. ஜெயபாய் மிதித்தாள். பெடல் தரையைத் தொட்டது. விட்டு மிதித்தாள், விட்டு மிதித்தாள், கூடவே ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். வண்டி நின்றபோது சிவப்புத் துணி கண்ணாடியை உரசிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் பின்னால் முன்சீட்டில் கௌசல்யாவின் முகம் இருந்தது. தென்காசிக்காரப் பெண். அவள் டாஷ்போர்டில் ஊன்றிய கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆறு பேரையும் பொன்முடிக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. ஆபீஸ் வாசலில் இறங்கும்போது ஜெயபாய் கௌசல்யாவிடம் சொன்னாள்.

"பிள்ளே, நாளைக்கு எனக்க வண்டி வேண்டாம். இத வச்சுட்டு மல ஏறப் பிடாது."

"எல்லாரும் எவ்வளவு ஆசையா இருக்கோம்க்கா. வேற வண்டி ஏதாவது சொல்லி விடுங்களேன்."

ஜெயபாய்க்கு ஹரிகுமார் ஞாபகம் வந்தது. உடனே போன் செய்தாள்.

"ஹரி, நாளைக்கு பொன்முடி போவியா? உனக்க வண்டிக்கு பிரேக் எப்படி இருக்கு?"

"சூப்பர் சேச்சி. எல்லாம் புதுசல்லே."

கௌசல்யாவிடம் திரும்பிச் சொன்னாள். "அவன் வண்டிய நம்பிப் போலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஹரிகுமாரின் வேன் ஹாஸ்டலிலிருந்து கிளம்பியது. ஜெயபாயின் வீட்டைக் கடக்கும்போது பெண்கள் ஜன்னல் வழியாகக் கையசைத்தார்கள். அவள் அன்று சர்ச்சுக்குப் போகவில்லை. வாசலில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினாள். இரண்டு முன்சக்கரத்தையும் கழற்றினாள். என்ன தேடுகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை.

வலது சக்கரத்தின் முன் உட்கார்ந்தாள். காலிப்பரின் மேல்பக்கம் நிப்பிள் நின்றது. அதற்குக் கீழே ஆயில் வரும் குழாய். பிறகு இடதுபக்கம் போய் உட்கார்ந்தாள். ஏதோ சரியில்லை என்று பட்டது. மறுபடி வலதுபக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இங்கே குழாய் மேலே இருந்தது, நிப்பிள் அடியில் இருந்தது.

காற்று எப்போதும் மேலேதான் போய் நிற்கும். அது வெளியேறும் வாயோ கீழே இருந்தது. சஜின் நூறு தடவை திறந்து மூடினாலும் ஆயில்தான் வரும். காற்று உள்ளேயே இருக்கும். மிதிக்கும்போது அது அமுங்கும், பெடல் இறங்கும். 

துணியால் காலிப்பரைத் துடைத்தாள். வார்ப்பில் R என்ற எழுத்து புடைத்திருந்தது. வலதுபக்கம் ஓடிப்போய்த் துடைத்தாள். அங்கேயும் R. இரண்டும் வலது சக்கரத்துக்கு உள்ளவை.

சாக்கில் கிடந்தவை நான்கு. இரண்டு வலது, இரண்டு இடது. இரண்டு வலதும் இங்கே இருந்தால், இரண்டு இடதும் எங்கே இருக்கும்?

ஹரிகுமாருக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. கௌசல்யாவுக்கும் அதே பதில். சஜினை அழைத்து, கண்டதைச் சொன்னாள்.

"நாலும் ஒரே சாக்குல கிடந்து சேச்சி," என்றான் அவன். "நான் பார்க்காம எடுத்துப் போட்டு."

"ஏறும்போ ஒண்ணும் ஆவாது. இறங்கும்போதான். பைக்க எடுத்துட்டு வா."

சஜின் ஓட்ட, பின்னால் ஜெயபாய் கருவிப் பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நெடுமங்காட்டில் ஒரு தடவை போன் செய்தாள், விதுரையில் ஒரு தடவை. பதில் மாறவில்லை. விதுரை தாண்டியதும் மலைப்பக்கம் கறுத்துவிட்டது. சஜினின் சட்டை முதுகில் வியர்வை படர்ந்து கொண்டே போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லாறு செக்போஸ்டில் வனக் காவலர் ஒருவர் குடையோடு வந்தார். 

"வெள்ளை வேனா? காலையில போச்சு. இன்னும் இறங்கல்ல."

"சாரே, அதுக்கு பிரேக் இல்ல. மேல நிறுத்தச் சொல்லுங்க."

அவர் வயர்லெஸ்ஸில் பேசினார். கரகரப்புக்கு நடுவே பதில் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தே ஜெயபாய்க்குப் புரிந்துவிட்டது. மேலே பெருமழை, எல்லா வண்டிகளும் சீக்கிரமே இறங்கத் தொடங்கிவிட்டன. வெள்ளை வேன் கிளம்பிப் பத்து நிமிஷம் ஆகிறது.

ஏறினார்கள். ஒவ்வொரு கொண்டைஊசி வளைவிலும் சஜின் ஹார்னை விடாமல் அடித்தான். கீழே இறங்கி வந்த ஒவ்வொரு வெளிச்சத்தையும் ஜெயபாய் உற்றுப் பார்த்தாள். கார், ஜீப், மறுபடி கார். மூடுபனிக்குள் நுழைந்தபோது மழைவாசனையோடு இன்னொரு வாசனை வந்தது. காய்ந்து கருகிய பிரேக் வாசனை. அவள் சஜினின் தோளைப் பிடித்தாள். அவன் தலையசைத்தான்.

அடுத்த வளைவைத் தாண்டினதும் வேன் தெரிந்தது. மலைப்பக்கத்து ஓடையில் சக்கரங்கள் இறங்கி, முகப்பு பாறையில் நசுங்கிச் சாய்ந்து கிடந்தது. எதிர்ப்பக்கம் இடுப்புயரக் கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் வெறும் வெள்ளைப் பனி. ஹரிகுமார் மழையில் தரையில் உட்கார்ந்து, வலது மணிக்கட்டை மடியில் வைத்திருந்தான். ஐந்து பெண்கள் பாறை ஓரமாக ஒண்டி நின்றார்கள். ஒருத்தி விடாமல் அழுதாள். கௌசல்யாவைப் படுக்க வைத்திருந்தார்கள். நெற்றியில் கட்டியிருந்த துப்பட்டா முழுவதும் ரத்தம். கண் திறந்துதான் இருந்தது.

ஜெயபாய் அவள் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"அக்கா," என்றாள் கௌசல்யா. "நம்பிப் போலாம்னு சொன்னீங்களே."

ஜெயபாய் அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். 

ஹரிகுமார் யாரும் கேட்காமலே பேசினான். "முதல் வளைவுலயே பெடல் இறங்கித் துடங்கி சேச்சி. மிதிச்சு மிதிச்சு கொண்டு வந்து. சூடாகச் சூடாக இறங்கி. இங்க வந்து எத்தினப்போ காலுக்குக் கீழ ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கம் போகண்டான்னு இந்தப் பக்கம் இடிச்சு."

"வியாழக்கிழமையே பதிஞ்சுதா?"

அவன் தலை குனிந்தான். "பதிஞ்சு. செட் ஆகும்னு சஜின் பறஞ்சு."

"நா கேட்டப்போ சூப்பர்னு சொன்னியே எடே."

"ஒரு டிரிப் கிடைக்கும்போ யாரு சேச்சி அதெல்லாம் பறயும்."

எஸ்டேட் ஜீப் ஒன்றில் கௌசல்யாவையும் ஹரிகுமாரையும் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சஜின் வேனின் வலது சக்கரத்துக்குப் பக்கத்தில் சேற்றில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். நிப்பிள் அடியில் இருந்தது. போலீஸ் வரும்வரை அவன் எழுந்திருக்கவில்லை. வந்ததும், "நான் மாத்திப் போட்டதாணு சார்," என்று அவனே சொன்னான். 

ஜெயபாயும் சொன்னாள். வியாழக்கிழமையே எனக்குத் தெரியும், ஆனாலும் இரண்டு நாள் ஆள் ஏற்றி ஓட்டினேன், இந்த வண்டியில் போகச் சொன்னதும் நான்தான். போலீஸ்காரர் அதை எழுதிக்கொள்ளவில்லை. வண்டி நம்பரை மட்டும் கேட்டார்.

கௌசல்யாவுக்குப் பதினான்கு தையல், தோள் எலும்பில் முறிவு. அப்பா வந்து தென்காசிக்கு அழைத்துப் போனார். ஹரிகுமாரின் மணிக்கட்டு கூடியது, ஆனால் முன்போல வளையவில்லை. சஜின் பட்டறையை இரண்டு மாதம் திறக்கவில்லை. திறந்தபின் அவனிடம் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஜெயபாய் வேறொரு பட்டறையில் பக்கத்திலேயே நின்று, எழுத்தைப் பார்த்து, இடதுபக்கத்துக் காலிப்பரை மாற்றவைத்தாள். பெடல் கல்லுபோல நின்றது. 

மூன்று மாதம் கழித்து கௌசல்யா வேலைக்குத் திரும்பி வந்தாள். ஒரு காலை ஹாஸ்டலுக்குப் பக்கத்து பஸ் ஸ்டாப்பில் அவள் நிற்பதைப் பார்த்து ஜெயபாய் வேனை மெல்ல நிறுத்தினாள். கௌசல்யா சிரித்தாள். கோபமான சிரிப்பு இல்லை.

"நீங்க போங்கக்கா. நான் பஸ்ல வந்துக்கிடுதேன்."

பின்னால் பஸ் வந்து ஹார்ன் அடித்தது. அவள் கிளம்பினாள்.